மொக்தார் அண்ணனின் ஹெட்லைட்

வாயில் அதக்கிய பேரீச்சம்பழம் இன்னும் கரையவில்லை. அதற்குள் எதிர்வீட்டு மொக்தார் அண்ணன் திருப்புளியுடன் காரின் முன்னால் குந்திவிட்டார். "தங்கச்சி, இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கமா ஒதுங்குங்க. மைமூன் அக்கா அப்பிடித்தான் உக்காரும்." நான் ஒதுங்கினேன். இன்றைக்கு நான்தான் அவருடைய அக்கா மைமூன். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த என் கணவர் வீரய்யா, அண்ணனின் மூத்த மகன். அவருக்கு அந்தப் பக்கம் பத்துக் கிலோ அரிசி மூட்டைகள் ஆறு, ஒன்றன்மேல் ஒன்றாக, சீட் பெல்ட் போட்டுக்கொண்டிருந்தன. அது இளைய மகன். டிக்கியில் பெட்டி படுக்கைக்குப் பதில் எங்கள் வீட்டு ரோஜாத் தொட்டிகள் நான்கு. கார் ஓர் அங்குலமும் நகரவில்லை. எதிரே எங்கள் மதில்மேல் வெளிச்சம் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

விளக்கின் உயரத்தைச் சரிபார்க்க, கார் சுவரிலிருந்து இருபத்தைந்து அடி தள்ளி நிற்க வேண்டுமாம். அவர் கார் நிறுத்தும் இடத்துக்கும் என் மதிலுக்கும் நடுவே இருபத்தைந்து அடி நாலங்குலம். பதினோரு வருஷத்துக்கு முன் நாங்கள் இங்கே குடிவந்த முதல் வாரமே பலகாரத் தட்டோடு வந்தார், நலம் விசாரித்தார், போகும்போது சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். அன்றிலிருந்து என் மதிலில் கறுப்பு டேப்பால் ஒட்டிய இரண்டு கூட்டல் குறிகள் இருக்கின்றன. ஊரிலிருந்து வந்த என் மாமியார் அவற்றைப் பார்த்துவிட்டு, "திருஷ்டிக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கிச் சொல்ல அரை நாள் ஆகும்.

குவாலா கங்சாரில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் கூட உதவியாளர் அவர். வயது ஐம்பத்தாறு. சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்ப்பது, பிள்ளைகள் உடைத்த லென்ஸ்களுக்குக் காரணம் எழுதுவது, ஆசிரியை வராத நாளில் வகுப்புக்குள் நுழைந்து இரண்டு நிமிஷம் பேசிவிடுவது. அப்போது பேசுவதும் ஒன்றே ஒன்றுதான்: "வெளிச்சம் நேர்க்கோட்டுல போகும். அதுக்கு வளைஞ்சு கொடுக்கத் தெரியாது." வீட்டிலும் இதைச் சொல்வார். அவர் மனைவி ரொக்கியா அக்கா உள்ளே இருந்து குரல் கொடுப்பார்: "அதுக்கும் தெரியாதா?"

கார் பத்தொன்பது வருஷப் பழசு. கதவின் உள்பக்கம் துணி கிழிந்து தொங்குகிறது. ஏர்கண்டிஷன் நினைத்தால் வேலை செய்யும். அதையெல்லாம் அவர் கண்டுகொள்வதில்லை. பல்பு மட்டும் ஏழாவது. காரோடு வந்த மஞ்சள் பல்பு அவருக்கு முதல் வாரத்திலேயே பிடிக்காமல் போய்விட்டது. அதற்குப் பிறகு நூறு வாட் பல்பு போட்டார். இரண்டாம் மாதம் ஹோல்டர் உருகி நாற, யாரோ அடுப்பில் கெட்டிலை மறந்துவிட்டார்கள் என்று ரொக்கியா அக்கா மூன்று முறை சமையலறைக்கு ஓடினார். அப்புறம் நீலம் கலந்த வெள்ளை வந்தது. பார்க்க நகைக்கடை மாதிரி இருக்கும். மழை பெய்தால் ரோடே காணாமல் போய்விடும். இப்போது இருப்பது எல்.இ.டி. பின்னால் குட்டி ஃபேன் வைத்தது. பஜாரில் கார் சாமான் விற்கும் சோங், "இத போட்டா ராத்திரிக்கே தூக்கம் கலைஞ்சிடும் பாஸ்" என்று சொல்லிக் கொடுத்தானாம். இரவில் காரை நிறுத்தியதும் அண்ணன் பானெட்டில் காது வைத்து அந்த ஃபேனின் ஓசையைக் கேட்பார். பிள்ளைக்கு ஜுரம் இறங்கியதா என்று பார்க்கிற மாதிரி இருக்கும்.

கழற்றிய பல்புகள் பஞ்சில் சுற்றி பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. ஒருமுறை நான் ஒன்றை எடுத்துப் பார்க்கப் போனேன். "கண்ணாடிய தொடாதீங்க! கையில எண்ணெய் இருக்கும்" என்று பதறினார். தோசை சுட்டுவிட்டு வந்தவள் நான், உண்மையிலேயே இருந்தது. மனிதர்களையும் அவர் விளக்கை வைத்துத்தான் எடைபோடுவார். பள்ளிக்குப் புதிய தலைமையாசிரியர் வந்தபோது எப்படி என்று கேட்டேன். "நல்ல மனுஷன்தான் தங்கச்சி. ஆனா வலது பக்க லைட்டு மங்கல். அத அவரு கவனிக்கல பாத்தீங்களா?"

இத்தனை வெளிச்சத்துக்கும் சோதனை வந்தது போன வருஷப் பெருநாளுக்கு. ரொக்கியா அக்காவின் அம்மா வீடு கிளந்தானில், மாச்சாங் பக்கம். கெரிக் வழியாகக் காட்டு ரோட்டில் ஐந்து மணி நேரம். காலையிலேயே கிளம்பியிருக்கலாம். "சாயங்காலம் போனா ரோடு காலி" என்று அண்ணன் நாலு மணி வரை இழுத்தடித்தார். புது பல்புக்கு இருட்டு வேண்டும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கெரிக் தாண்டி இருட்டியது. எதிரே வந்த முதல் கார் இரண்டு முறை விளக்கை அடித்தது. அண்ணன் உடனே வேகத்தைக் குறைத்தார். எங்கள் ஊர்ப் பக்கம் எதிரே வருகிறவன் விளக்கடித்தால் முன்னால் போலீஸ் நிற்கிறது என்று அர்த்தம். ஓட்டுகிற எல்லோரும் செய்கிற தர்மம் அது. அண்ணன் கையைத் தூக்கி நன்றி சொன்னார். அடுத்து வந்த லாரியும் அடித்தது. அதற்கும் கை. அதற்கடுத்த பஸ், வேன், மோட்டார் சைக்கிள் எல்லாமே அடித்தன. "இன்னிக்கு ஜனங்க எவ்வளவு நல்லவங்களா இருக்காங்க பாத்தியா ரொக்கியா" என்று மனம் நெகிழ்ந்தபடி, இல்லாத போலீசைத் தேடி, நாற்பதிலேயே மலையேறினார். ஜெலிக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இறங்கியபோதுதான் பின்னாலேயே வந்து நின்ற லாரிக்காரன் கேட்டான்: "பெரியவரே, அங்க மரத்து மேல யாரத் தேடுறீங்க?"

வீட்டில் விளக்கைச் சரிசெய்தபோது கார் காலி. பயணத்தில் மைமூன் அக்காவும் மகன்களும் மூட்டைகளும் ஏறியதும் பின்பக்கம் இறங்கி, மூக்கு தூக்கிக்கொண்டது. வெளிச்சம் நேர்க்கோட்டில்தான் போயிருக்கிறது, எதிரே வந்தவர்களின் கண்ணுக்குள். ஒன்பது மணிக்குச் சேர வேண்டியவர்கள் சேர்ந்தபோது பன்னிரண்டரை.

அந்த மூன்றரை மணி நேரத்தில் ரொக்கியா அக்காவின் கரண்டி போய்விட்டது. ஐந்து சகோதரிகளில் மூத்தவர் அவர். பெருநாளுக்கு முந்தின இரவு பெரிய அண்டாவில் மாட்டிறைச்சி ரெண்டாங் கிண்டுவார்கள். கிண்டுவது யாராக இருந்தாலும் உப்புப் போடுவது மூத்தவர் கை. இருபத்தெட்டு வருஷ வழக்கம். போன வருஷம் அவர் போய் இறங்கியபோது அண்டாவைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். உப்புப் போட்டது கடைசித் தங்கை. "அதுகூடப் பரவால்ல" என்றார் அக்கா என்னிடம், துணி உலர்த்திக்கொண்டே. "மூணு நாளும் வந்தவங்க எல்லாரும் தின்னுட்டு, இந்த வருஷம் உப்பு எவ்வளவு சரியா இருக்குன்னாங்க. எம் மொகத்தப் பாத்துச் சொன்னாங்க."

ஆகவே இந்த வருஷம் தீர்ப்பு முன்கூட்டியே வந்துவிட்டது. "நான் பஸ்ல போறேன். அவரும் அவரு லைட்டும் கார்ல வரட்டும். வெள்ளிக்கிழமை டிக்கெட் வாங்கிடுவேன்." பெருநாளுக்கு மனைவி பஸ்ஸில் தனியாகவும் கணவன் காரில் பின்னாலும் போய் இறங்கினால், நாலு மைத்துனிகளும் அதை எத்தனை வருஷம் சொல்லிச் சிரிப்பார்கள் என்று அண்ணனுக்குத் தெரியும். அவர் முகத்தில் முதன்முறையாக ஒரு மங்கலைப் பார்த்தேன்.

அதனால்தான் வியாழக்கிழமை நோன்பு திறந்த கையோடு எங்களை ஏற்றியிருந்தார். மைமூன் அக்காவுக்கு நான் என்று எப்படி முடிவு செய்தார் என்று நான் கேட்கவில்லை. அவரும் என் எடையைக் கேட்கவில்லை. ஆனால் முந்தின நாள் எங்கள் இரண்டு பேரையும் வாசலில் நிற்கவைத்து, கண்ணை இடுக்கிப் பார்த்தது எனக்குத் தெரியும்.

வெளிச்சத்தின் மேல்விளிம்பு மதிலில் இருந்த குறிக்கு இரண்டங்குலம் கீழே வந்து நின்றது. "ஆச்சு" என்று எழுந்தார். "ரொக்கியா, வந்து ஏறு. இப்பவே பெரிய ரோட்டுல பாத்துடலாம். ஒரே ஒரு வண்டி அடிச்சாலும் நீ பஸ்ல போ. நானே கொண்டுபோய் ஏத்தி விடுறேன்." மசூதியில் தராவீஹ் தொழுகைக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. ரொக்கியா அக்கா முன்சீட்டில் ஏறி, கைப்பையை மடியில் வைத்து, பரீட்சை அறைக்கு வந்த மேற்பார்வையாளர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வடக்கே போகும் ரோட்டில் முதல் கார் வந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்தோம். அடிக்கவில்லை. "ஒண்ணு" என்றார் அக்கா. அடுத்தது லாரி. "ரெண்டு." ஏழு வந்தது, பன்னிரண்டு வந்தது. வீரய்யாவும் மெதுவாகச் சேர்ந்து எண்ணத் தொடங்கினார். பதினெட்டில் அண்ணன் சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். பத்தொன்பதாவது ஒரு மீன் வண்டி. பளிச், பளிச் என்று இரண்டு முறை அடித்துவிட்டுப் போனது.

ரொக்கியா அக்கா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"போலீசா இருக்கும்" என்றார் அண்ணன், தனக்கே கேட்காத குரலில்.

"போன வருஷமும் இருந்துச்சு" என்றார் அக்கா. "கெரிக்லேருந்து ஜெலி வரைக்கும் இருந்துச்சு."

வளைவைத் தாண்டினோம். ஆரஞ்சுக் கூம்புகள் வரிசையாக நின்றன. டார்ச்சோடு ஓர் இளம் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். போலீசைப் பார்த்து ஒரு மனிதனுக்கு இவ்வளவு சந்தோஷம் வந்து நான் பார்த்ததில்லை. "பாத்தியா! பாத்தியா! போலீசு!" என்று அவரையே விரலால் சுட்டிக் காட்டினார்.

"எங்க போறீங்க பெரியவரே?"

"எங்கயும் இல்ல சார்."

"எங்கயும் இல்லாம அஞ்சு பேரா?"

"நாலு பேருதான் சார். அது அரிசி."

டார்ச் பின்சீட்டுக்கு வந்தது. பெல்ட் போட்ட மூட்டைகளின்மேல் கொஞ்ச நேரம் நின்றது. "சின்ன மகன்" என்று அண்ணன் விளக்கம் சொன்னார். டார்ச் என் முகத்துக்கு நகர்ந்தது. "நீங்க யாரும்மா?" ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருந்த பழக்கம், "அவரோட அக்கா" என்று சொல்லிவிட்டேன். போலீஸ்காரர் என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார். அண்ணனின் தொப்பியைப் பார்த்தார். மெதுவாகப் போய் டிக்கியைத் திறக்கச் சொன்னார். ரோஜாத் தொட்டிகளுக்கு முன்னால் அவர் வெகுநேரம் நின்றார்.

வேறு வழியில்லாமல் அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். பல்பு, மூக்கு, அண்டா, உப்பு வரை. போலீஸ்காரர் காரின் முன்னால் போய் நின்று, விளக்கைக் கூட்டச் சொன்னார், குறைக்கச் சொன்னார். தன் சட்டைப் பொத்தானைக் குனிந்து பார்த்தார். வெளிச்சம் அவர் இடுப்பைத் தாண்டவில்லை. ஜன்னலுக்குத் திரும்பி வந்தார்.

"கண்ணு கூசல. கெளம்புங்க" என்றார். "அந்த ரோஜாவுக்குத் தண்ணி ஊத்துங்கலா. வாடுது."

ரொக்கியா அக்கா அரை மைல் தூரம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. சிரித்து முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "சரி. பஸ் வேணாம். உங்ககூடவே வரேன்."

அண்ணன் என்னைக் கண்ணாடியில் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"ஆனா காலையில சுபுஹு தொழுதுட்டு வண்டிய எடுக்கணும். வெயில் இருக்கும்போதே எங்கம்மா வாசல்ல நான் நிக்கணும்."

எதிரே மூன்று வண்டிகள் விளக்கடிக்காமல் கடந்து போவதை அண்ணன் பார்த்தார். "அப்ப லைட்டு?" என்றார்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும். யாரு வேணாம்னா?"

பெருநாளுக்கு முந்தின நாள் காலை. வெயில் அப்போதே சுள்ளென்று அடித்தது. அசல் மைமூன் அக்கா வந்து ஏறியபோது கார் ஒரு பக்கமாகச் சரிந்து நிமிர்ந்தது. அண்ணன் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, நான்தான் எடையைக் குறைத்துக் காட்டி ஏமாற்றிவிட்டதைப் போல என்னைப் பார்த்தார். மகன்கள் இருவரும் ஏறினார்கள். ரொக்கியா அக்கா முன்சீட்டில் இருந்தார். மடியில் ஒரு பொட்டலம். உப்பையும் இங்கிருந்தே கொண்டுபோகிறாராம்.

கார் வாசலை விட்டு இறங்கித் திரும்பியது. ரொக்கியா அக்கா ஜன்னல் வழியாக என் பக்கம் முழுசாகத் திரும்பிக் கையசைத்தார். அந்த நேரம் பார்த்து மொக்தார் அண்ணனின் வலது கை ஸ்டீயரிங்கிலிருந்து மெல்ல இறங்கி, பக்கத்தில் இருந்த குமிழை இரண்டு திருகு திருகியது. நல்ல வெயிலில் இரண்டு விளக்குகளும் எரிந்தன.