சிவப்பாகத் தெரிந்த நிலம்

அரிசியில் கல் பொறுக்குபவரைப் போல, மூக்கு கணினித் திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து, ருக்ஷானா கல்வராயன் மலையை உருட்டிக்கொண்டிருக்கிறார். செயற்கைக்கோள் எடுத்த அந்தப் படங்களில் பச்சையெல்லாம் சிவப்பாகத்தான் தெரியும். "செவப்பு ஜாஸ்தின்னா காடுண்ணே, கம்மின்னா வெள்ளாமை. அவ்ளோதான் வித்தை" என்பார்.

கள்ளக்குறிச்சிக் கடைவீதி மாடியில், என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த அறைதான் அரசுக்கு வரைபடம் போட்டுத்தரும் அவருடைய தனியார் அலுவலகம். பழைய படத்தையும் புதுப் படத்தையும் அருகருகே வைத்து, எது காடு, எது வயல், எங்கே மனைப்பிரிவு முளைத்தது என்று எல்லை வரைவது அவர் வேலை. பத்து வருடமாகியும் ஒப்பந்த ஊழியர்தான். பஸ்ஸில் போனாலும் சும்மா இருக்கமாட்டார். தியாகதுருகம் வருவதற்குள் ஜன்னலோரக் கரும்பு, மக்காச்சோளம், தரிசு எல்லாவற்றையும் வாய்க்குள் முணுமுணுத்து வகை பிரித்துவிடுவார். மலைக்கு மட்டும் ஒருநாளும் போனதில்லை. "அதான் மேலேருந்து பாத்துக்கினே இருக்கேனே, அப்புறம் இன்னாத்துக்கு?" என்று சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு போய் இரண்டு மாதமாகிறது. சடையன் என்ற மலை விவசாயி ஒரு காகிதத்தோடு வந்தார். 2005க்கு முன்பே உழுத நிலமென்றால் வன உரிமைச் சட்டப்படி அவருக்கு உரிமை கிடைக்கும். ருக்ஷானா வரைந்த வரைபடத்தைக் காட்டி, அவருடைய இரண்டு ஏக்கரையும் காடு என்று அதிகாரிகள் தள்ளிவிட்டார்கள்.

"சாமை அறுத்துட்டு மூணு வருசம் சும்மா போட்டுடுவோம்மா. மண்ணு இளைப்பாறணும்ல? பொதர் மண்டத்தான் செய்யும். அதுக்குன்னு காடாயிடுமா?" என்றார்.

ருக்ஷானா பழைய படத்தை மறுபடி திறந்து பார்த்தார். அதில் ஓய்ந்து கிடந்த நிலத்தைத்தான், சிவப்பைப் பார்த்துக் காடாக்கியிருக்கிறார். இப்படி இன்னும் எத்தனை பேர் நிலமோ என்று நினைக்கவே அவருக்குப் பயம். வரைந்தவரே தவறென்று எழுதிக் கொடுத்தால் மேல்முறையீட்டில் எடுபடும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். "நான் எழுதித் தர்றேங்க" என்று சடையனிடம் ஒப்புக்கொண்டார்.

மேலாளர் பிரவீன்குமார் ஒரே வரியில் முடித்தார்: "எழுதுங்க. நாளைலேருந்து வேலைக்கு வர வேணாம்."

படுத்த படுக்கையாகக் கிடக்கும், பெற்ற அத்தாவுக்கு இவரை விட்டால் ஆளில்லை. எழுதிய கடிதம் கைப்பையில் இருக்கிறது, கையெழுத்துதான் இல்லை. எனக்கு அவர்மேல் கோபமாகவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது.

மேல்முறையீட்டுக்கு இன்று கடைசி நாள். கீழே டீக்கடையில் சடையனின் குரல் கேட்டது: "மேப்பு போடற அம்மா மேல இருக்காங்களா?"

ருக்ஷானா எழுந்து வெளியே வந்தார். வாசலில் கழற்றிவிட்டிருந்த தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.