பளபளப்புத் தாளில் ஒரு கோடு

போட்டோ கழுவும் கடையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: படம் நன்றாக வந்தால் எடுத்தவர் கெட்டிக்காரர், கெட்டுப்போனால் நாம் குற்றவாளி. எண்பதுகளில் சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு கடையின் இயந்திரத்தை ஓட்டிய நான், அந்தப் பழியை முந்திக்கொண்டு அடுத்தவர் தலையில் கட்டுவதில் கைதேர்ந்தவன்.

கேமராதான் காரணம்

சாங்கி விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் கமால், ஊரிலிருந்து வந்துபோன தன் வாப்பாவின் படங்களை மேசையில் பரப்பினார். எல்லாவற்றிலும் ஓரத்திலிருந்து மூன்று விரல் தள்ளி, வாப்பாவின் கன்னத்தில் மெல்லிய கோடு. நான் நெகட்டிவை வெளிச்சத்தில்கூடப் பிடித்துப் பார்க்கவில்லை. கேமராவுக்குள் மணல் புகுந்து கீறியிருக்கிறது என்று அடித்துச் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கியது.

"அப்போ இது என் வீட்டுக்காரி வேலைதான். கடற்கரைக்கு அவதான் தூக்கிட்டுப் போனா."

மாப்பிள்ளை கழுத்தில்

அடுத்த வாரம் புதுப்பெண் மேரி வந்தாள். மாதா கோயிலில் எடுத்த கல்யாணப் படங்கள். மாப்பிள்ளையின் கழுத்துக்குக் குறுக்கே கோடு. வேறு கேமரா, வேறு ஃபிலிம். கோடு மட்டும் ஓரத்திலிருந்து அதே மூன்று விரல் தள்ளி. மேரி பாவம், திட்டக்கூட இல்லை.

"தாலி கட்டுனது எனக்குத்தான் அண்ணே. கோடு என்னமோ இவரு கழுத்துல இருக்கு லா."

கறுப்புத் தாள்

சோதித்துப் பார்க்க, வெளிச்சம் பட்ட ஒரு தாளை இயந்திரத்தில் விட்டேன். சுத்தக் கறுப்பாக வரவேண்டியது, கோட்டோடு வந்தது. தாளை இழுத்துச் செல்லும் உருளைகளைத் தினமும் காலையில் சுடுதண்ணீரில் கழுவ வேண்டும். நானோ மேலே தெரிவதை மட்டும் துடைத்துவிட்டு, இழுத்து ஆற்றும் தே தாரே டீ குடிக்கப் போய்விடுவேன். அடி உருளையில் மருந்து காய்ந்து கல் உப்பாக ஒட்டியிருந்தது. பளபளப்பில்லாத மேட் தாளில் அதன் கீறல் தெரியாது. பளபளப்புத் தாள் காட்டிக்கொடுத்துவிட்டது. கமாலிடம் நான் சொன்னதையும் கேட்டுவிட்டு, முதலாளி அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"மேரிக்கு வேற போட்டுக் கொடுத்துடலாம். கமால் வீட்டுல என்ன நடக்குதோ?"

சுவா சூ காங் வரை

கமாலுக்குப் போன் செய்து நெகட்டிவைக் கொண்டுவரச் சொன்னேன். அதில் ஒரு கீறலும் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். "என்கிட்ட சொல்லி என்ன அண்ணே? அவ பத்து நாளா என்கூடப் பேசல. வீட்டுக்கு வந்து அவகிட்டயே சொல்லுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை புதுப் படங்களோடு இரண்டு பஸ் மாறி சுவா சூ காங்கில் கமால் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஷகிலா மாமனார் படத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். தப்பு என்னுடையது, கேமராவை யாரும் கெடுக்கவில்லை என்றேன். கமால் சமையலறை வாசலில் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஷகிலா அவரைப் பார்க்காமலே என்னிடம் சொன்னாள்:

"நீங்க ரெண்டு பஸ் மாறி வந்து சொல்லிட்டீங்க அண்ணே. இதே வீட்டுல இருக்கறவருக்கு இன்னும் பஸ் கிடைக்கல போல."

அன்றிலிருந்து உருளைகளை அடிவரைக்கும் கழுவினேன்; யார் கேமராவைப் பற்றியும் வாயைத் திறக்கவில்லை.