நாலாவது ஓரம்

வெள்ளகோவில் தெய்வாத்தாள் அக்கா காலமாகிவிட்டார் என்று அவர் மகள் போனில் சொன்னதும், கையிலிருந்த கத்திரியைச் சுவரில் வீசி அடித்தேன். காரை பெயர்ந்து விழுந்தது. அப்புறம்தான் அழுகை வந்தது.

பழைய சேலைகளை வெட்டி, துண்டுகளை இணைத்து, கையாலேயே போர்வை தைத்துக் கொடுப்பவர் அக்கா. பன்னிரண்டு வருஷம் அவரோடு உட்கார்ந்து தைத்தேன். விலையை முதல் நாளே சொல்லி, பாதியை முன்பணமாக வாங்கிவிடுவார். பேரம் பேசினால், "துணி உங்களுதுங்க, தையல் என்றதுங்க. முழுக்காசு குடுத்துப்போட்டா தையலும் உங்களுதுங்க" என்பார். மூன்று ஓரங்களை மடித்துத் தைத்துவிட்டு நாலாவதைத் திறந்தே வைத்திருப்பார். மீதிப் பணம் கைக்கு வந்த பிறகுதான் அதில் ஊசி ஏறும்.

அந்த வழக்கத்தைக் கெடுத்த பாவி நான். தாராபுரம் பக்கத்திலிருந்து ஒருவர், இறந்துபோன தம் அம்மாவின் சேலைகளைக் கொடுத்துப் போர்வை கேட்டிருந்தார். வாங்க வந்த அன்று அக்கா கடைவீதிக்குப் போயிருந்தார். பணம் காரில் இருக்கிறது, முடித்து வையுங்க அம்மணி என்று அவர் அத்தனை மரியாதையாகச் சொல்ல, பல்லை இளித்துக்கொண்டு நாலாவது ஓரத்தையும் தைத்துவிட்டேன்.

அக்கா வந்ததும் ஆள் மாறிவிட்டான். இதற்குமேல் அவனுக்கு மரியாதை போட்டு எழுத என் கை வரவில்லை. கோயமுத்தூர்க் கடையில் மிஷின் போர்வை இதில் கால் விலைதான், கொடுத்த முன்பணமே ஜாஸ்தி என்று போர்வையை இழுத்தான். அக்கா விடவில்லை. வாயில் ரத்தம் வர அறைந்தான். அப்போதும் விடாததால் அவருடைய வலது கட்டைவிரலைப் பின்னால் மடக்கினான். அது முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

இஸ்திரிப்பெட்டியைத் தூக்கி அவன் தோளில் போட்டேன். விழுந்தான். அதற்குள் அக்கா இடது கையில் பிளேடை எடுத்து, மூன்று மாதத் தையலைச் சரசரவென்று அறுத்தார். துண்டுகளை அவன்மேல் வாரிக் கொட்டினார்.

"துணி உங்களுதுங்க, எடுத்துட்டுப் போங்க. முன்பணம் என்ற வெரலுக்குச் செரியாப் போச்சுங்க."

அம்மாவின் சேலைத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு அவன் தேம்பியபடி போனான். எனக்கு இரக்கமே வரவில்லை. இன்றும் இல்லை.

அந்த விரல் பிறகு ஊசி பிடிக்கவில்லை. அக்கா விலை பேசினார், நான் தைத்தேன். என்னை ஒரு சொல் திட்டியதில்லை. நானாக அவர் காலில் விழுந்து அழுதபோது மட்டும் சொன்னார்: "நீ தெச்ச ஓரம் சுத்தமா இருந்துச்சு கண்ணு. பிரிக்கத்தான் சிரமப்பட்டுப் போனேன்."

அவர் நோயில் படுத்த நாளிலிருந்து, அவருடைய சேலைகளிலேயே ஒரு போர்வை தைத்து வந்தேன். நேற்று அடக்கத்துக்கு முன் அதைப் போர்த்திவிட்டேன். ஒரு பக்கம் ஓரம் முடியவில்லையே என்றாள் மகள்.

"தெரியும் கண்ணு. நான் குடுக்க வேண்டியது இன்னும் பாக்கி இருக்குது" என்றேன்.

போய் வாருங்கள், அக்கா.