கல்லின் பின்பக்கம்

ஈழப்போரில் இறந்த எங்கள் ஆட்களுக்கு நினைவுக்கல் வைக்க, சூரிச்சுக்கு வெளியே ஒரு மயானத்தில் இடம் கிடைத்தது. கட்டடக்கலைஞர் ஒருவரின் கந்தோரில் படம் வரைவது என் வேலை. ஆகவே கல்லை வரையும் பொறுப்பை நினைவுக்கல் குழுவினர் என் தலையில் கட்டினார்கள். நானும் சந்தோஷமாகத்தான் ஏற்றுக்கொண்டேன்.

ஞாயிறுகளெல்லாம் அதிலேயே போயின. இந்த நாட்டு ஊர்ச் சந்திகளில் இருப்பதுபோல் தண்ணீர் விழும் கல்தொட்டி, அதன் மேல் எங்கள் விளக்குமாடம். இவர்களின் எடல்வைஸ் பூவும் எங்கள் கார்த்திகைப்பூவும் ஒரே காம்பில். நகரசபைக்கும் பிடித்தது, எங்கள் குழுவுக்கும் பிடித்தது.

பிறகு குழுவிடமிருந்து பெயர்ப்பட்டியல் படிவம் வந்தது. அதில் ‘இயக்கப் பெயர்’ என்று ஒரு கட்டம். என் தம்பிக்கு அதை வெறுமையாக விட்டேன். அவன் எந்த இயக்கத்திலும் இருக்கவில்லை. காட்டிக்கொடுத்தான் என்று சொல்லி எங்கள் இயக்கப் பொடியங்களே அவனை எங்கள் வீட்டு ஒழுங்கை முகப்பில் சுட்டார்கள். அடுத்த குழுக்கூட்டத்தில் படிவம் திரும்பி வந்தது.

“அவர் எங்கடை ஆள் இல்லைத் தங்கச்சி. பேரைப் போட்டால் சனம் கதைக்கும்,” என்றார் குழுத் தலைவர்.

“அப்ப அவன் ஆருடைய ஆள் அண்ணை?”

யாரோ தேநீரோடு வந்த ரோல்ஸ் தட்டை என் பக்கம் தள்ளினார்கள். அதை எடுத்துத் தலைவர் முகத்தில் எறியாமல் விட்டது இன்றும் எனக்கு மனக்குறைதான்.

நகரசபை ஒரு நிபந்தனை வைத்திருந்தது: ‘போரில் இறந்த அனைவருக்கும்’ என்று ஜெர்மனில் ஒரு வரி வேண்டும். தலைவர் யோசிக்கவே இல்லை. “அது வெள்ளைக்காரருக்குத்தானே, பின்னுக்குப் போட்டுவிடுங்கோ,” என்றார். என் தம்பிக்கு ஜெர்மனில் இடம் இருந்தது, தமிழில் இல்லை. வரைபடத்தைக் கிழித்து எறிந்திருக்க வேண்டும். கல் எப்போது வரும் என்று அம்மா தினமும் கேட்டுக்கொண்டிருந்ததால் கிழிக்கவில்லை.

கல் திறந்த அன்று அம்மா தமிழ்ப் பெயர்களை விரலால் தடவித் தடவி, கடைசிவரை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப்போனேன்.

“இதிலையோ தம்பி இருக்கிறான்?”

“ஓம் அம்மா.”

வாசிக்கத் தெரியாத அந்த வரிக்கு முன்னால் அம்மா கொண்டுவந்த விளக்கை ஏற்றி வைத்தார். மாடத்தை நான் முன்பக்கம் அல்லவா வரைந்திருந்தேன்? காற்றில் சுடர் நிற்கவில்லை. இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு நின்றேன்.

“தங்கச்சி, விளக்கு இஞ்சாலை, முன்பக்கம்,” என்று தலைவர் கூப்பிட்டார்.

“உங்கடை பக்கத்தை நீங்கள் பாருங்கோ,” என்றேன். கையை எடுக்கவில்லை.