எழுப்பிவிடச் சொன்னவள்

இதைக் கதை என்று நினைக்கிறவர்கள் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள். வாதாட எனக்குத் தெம்பு இல்லை. ஆனால் இது எனக்கே நடந்தது. கூட இருந்த இன்னொருத்தி இன்றும் நன்றாக இருக்கிறாள், அவளைக் கேட்டாலும் இதையேதான் சொல்வாள்.

அரசு வேலைத் தேர்வுக்கு அது என் ஐந்தாவது முயற்சி. முந்தின வருஷம் தேர்வு நாளன்று அசந்து தூங்கிவிட்டேன். தலைதெறிக்க ஓடிப் போனபோது மையத்தின் வாசற்கதவைச் சாத்தியிருந்தார்கள். "இந்தத் தடவையும் கோட்டை விட்டேன்னா பேசாம ஊருக்கு வந்து மீன் கழுவுடி, சோதம்" என்று அம்மா போனில் என் பெயரைச் சொல்லித் திட்டிவிட்டாள். குன்சான் துறைமுகத்தில் அவளுக்கு மீன்கடை. முப்பத்துமூன்று வயதில் அந்த வாடைக்குத் திரும்பிப் போவதை நினைத்தாலே அழுகை வந்தது.

சியோலில், நோரியாங்ஜினில் படிக்கிறவர்கள் எல்லாரும் விடுதிகளில்தான் கிடப்போம். என் அறையில் படுத்துக் காலை நீட்டினால் அது மேசைக்கு அடியில் போகும். அறைக்கும் அறைக்கும் நடுவில் வெறும் பலகைச் சுவர். அலாரம் வைக்கத் தடை. செல்போன் அதிர்ந்தால்கூடப் பத்துப் பேர் சண்டைக்கு வருவார்கள். அதனால் பக்கத்து அறைக்காரர்கள் சுவரைத் தட்டி ஒருவரையொருவர் எழுப்பிக்கொள்வது அங்கே வழக்கம். முதலில் எழுந்தவர் மூன்று தட்டு, மற்றவர் பதிலுக்கு மூன்று. முகம் பார்த்துப் பேசுவதெல்லாம் கிடையாது. பேச யாருக்கும் உடம்பில் சத்தும் இருக்காது.

கடைசி நாட்களில் தேர்வு நாளை அப்படியே ஒத்திகை பார்ப்போம். அன்று எழ வேண்டிய நேரத்துக்கு எழுந்து, அன்று சாப்பிடப்போவதையே சாப்பிட்டு, சரியாகப் பத்து மணிக்கு மாதிரித் தாளை விரிப்போம். கடற்பாசி சூப்பைத் தொடவே மாட்டோம், தேர்வில் வழுக்கிவிடும் என்று பயம். ஒத்திகையின் முதல் நாள். விடியற்காலை ஐந்து மணி.

டொக்... டொக்... டொக்.

பக்கத்து அறைப் பெண்ணாக இருக்கும். புண்ணியவதி. நானும் பதிலுக்குத் தட்டினேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை.

ஒன்று மட்டும் இடித்தது. சத்தம் ரொம்பத் தாழ்வாக, என் தலையணைக்கு நேராக வந்தது. எழுந்து நிற்கிறவள் தட்டினால் மேலே அல்லவா கேட்க வேண்டும்? படுத்தபடியே தட்டுகிறாள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். தூக்கக் கலக்கத்தில் இதையெல்லாம் யார் ஆராய்வது?

இன்னொரு நாள் கொஞ்சம் முன்னதாகவே விழித்துக் கழிப்பறைக்குப் போனேன். திரும்பும்போது பார்த்தால் பக்கத்து அறை வாசலில் காலணி இல்லை. ஆள் வெளியே போயிருந்தாள். வந்து கட்டிலில் உட்கார்ந்தேன்.

டொக்... டொக்... டொக்.

காலணியை உள்ளே வைத்திருப்பாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தேர்வு நாளும் வந்தது. ஐந்து மணிக்குத் தட்டல். பதில் தட்டினேன். முகம் கழுவி, உடை மாற்றி, பையை எடுத்தேன்.

மறுபடியும் தட்டல்.

"எழுந்தாச்சு" என்றேன் மெல்ல.

நிற்கவில்லை. இந்த முறை சுவரில் இல்லை. என் கட்டில் பலகையில்...

குனிந்து பார்த்தேன். யாரும் இல்லை.

மூச்சுச் சத்தம் மட்டும். அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறவர்களின் மூச்சு. நீளமாக... மெதுவாக...

என் தலையணையிலிருந்து.

"அக்கா... என்னையும் எழுப்பி விடுங்க..."

ஓடினேன்.

பஸ் நிறுத்தத்தில்தான் நின்றேன். பின்னாலேயே பக்கத்து அறைப் பெண்ணும் மூச்சிரைக்க வந்தாள். யோவொன் என்ற அவள் பெயரே அன்றுதான் தெரிந்தது.

"உன் குரல்தானா அது? எனக்கு உயிரே போயிடுச்சு. தினமும் தட்டி எழுப்புறவ நீ, உன்னை நான் எழுப்பணுமா?" என்று கேட்டேன்.

அவள் முகம் வெளுத்தது. "நான் எங்க அக்கா எழுப்பினேன்? நீங்கதானே தினமும் முதல்ல தட்டுவீங்க. நான் பதிலுக்குத்தான் தட்டுவேன்."

அவள் விடுதிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தக் குரல் எனக்கும் கேட்டுச்சு" என்றாள் பிறகு. "நேரமாச்சு... அது யாரா இருந்தாலும் நீங்க எழுப்பிடுவீங்கன்னு வந்துட்டேன்."

பஸ்ஸில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த நடுக்கத்திலும் என் உதடு மனப்பாடம் செய்த சட்டங்களை முணுமுணுத்தது. என்ன பிழைப்போ என்று எனக்கே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் எழுதினேன். அன்று இரவு விடுதியில் படுக்கவில்லை, ஊருக்கு ரயில் ஏறிவிட்டேன்.

முடிவு வந்தது. இருவருமே தேறியிருந்தோம். அம்மா கடையிலேயே உட்கார்ந்து அழுதாள். அதற்குப் பிறகுதான் விட்டுப்போன சாமான்களை எடுக்க இருவரும் சேர்ந்து, பட்டப்பகலில், விடுதிக்குப் போனோம். விடுதியைப் பார்த்துக்கொண்டவரும் எங்களைப் போலத் தேர்வுக்குப் படிப்பவர்தான். ஏழு வருஷமாக அங்கேயே இருக்கிறார்.

"அண்ணே, எங்க ரெண்டு ரூமுக்கும் நடுவுல என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"இப்போ ஒண்ணும் இல்ல. முன்னாடி ஒரு குட்டி ரூம் இருந்துச்சு. அந்தப் பொண்ணு போனப்புறம் யாரும் வாடகைக்கு வரல. இடிச்சு, பாதிப் பாதியா உங்க ரூம்களோட சேர்த்துட்டாங்க. உன் கட்டில் கிடக்கிற இடம்தான்."

"போனப்புறம்னா?"

"பரீட்சை நாளன்னிக்குத் தூக்கத்துலயே போயிட்டா. உடம்பு அவ்ளோ ஓய்ஞ்சு போயிருந்துச்சு. முந்தின ராத்திரி ரெண்டு பக்கத்து ரூம்லயும் எழுப்பி விடச் சொல்லியிருக்கா. இவ எழுப்புவான்னு அவளும், அவ எழுப்புவான்னு இவளும் கிளம்பிட்டாங்க."

யோவொன் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர் என் பெட்டியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டே சொன்னார்.

"காலைல எட்டு மணி வரைக்கும் உயிர் இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னாரு. யாராவது கதவைத் தட்டியிருந்தா..."

"அந்த ரெண்டு பேரும் என்ன ஆனாங்க அண்ணே?"

"அவங்களுக்கு என்ன? அந்த வருஷம் இந்த மாடியில பாஸ் பண்ணினதே அந்த ரெண்டு பேர்தான்."