பெரிய பிஸ்டலுக்குள் சின்ன ரவை

1. ஜாம்

முதல் நாள் அனுபவம் என்று எழுத என்னிடம் ஒன்றுமில்லை. முதல் நாள் நிலம் கூட்டினேன், அவ்வளவுதான். ஆகவே பிரச்சினை வந்த நாளிலிருந்தே தொடங்குகிறேன்.

ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்தில், கார் பெயின்ற் கடைக்கும் குளியலறை ஓடு விற்கும் கடைக்கும் நடுவில் உள்ள ஒரு உள்ளரங்கச் சுடுதளத்தில் நான் துவக்கு, அதாவது துப்பாக்கி, திருத்துபவன். அதற்கு முன் நீண்ட காலம் ஒரு தொழிற்சாலையில் மெஷினிஸ்ற். அங்கே கருவிப் பெட்டியை மறந்துபோய் மேசையில் விட்டால் திரும்பி வரும்போது பாதி இருக்காது. அப்படிப் பழகிய ஆள் நான். வீட்டில் பாலை மணந்து பார்த்துத்தான் தேநீர் போடுவேன் என்று மனைவி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

கைத்துவக்கு விற்பனைக்கு அரசாங்கம் தடை போட்டதிலிருந்து எங்கள் கடை ரென்ரலில்தான் ஓடுகிறது. ஆட்கள் வருவார்கள், எங்கள் பிஸ்டலை எடுத்து எங்கள் கண்முன்னால் சுட்டுவிட்டுத் திருப்பித் தருவார்கள். எங்கள் பிஸ்டல்களில் புதிதாக வருபவர்களுக்கு மிகவும் பிடித்தது ஒரு .22. பழைய இராணுவத்து .45 பிஸ்டலின் அச்சு அசல். அதே நீளம், அதே பிடி, பின்னால் விழுந்து அடிக்கும் அதே ஹமர். உள்ளே போகும் ரவை மட்டும் சுண்டுவிரல் நுனியளவு. பிஸ்டலின் ஊசி அந்த ரவையை நடுவில் அடித்தால் வெடிக்காது, விளிம்பில் அடிக்க வேண்டும். பிஸ்டலும் மலிவு, ரவையும் மலிவு, கையையும் உதறாது. இப்போதைய சட்டத்தில் இது போனால் இன்னொன்று எடுப்பது லேசான காரியமில்லை.

அதுதான் ஜாம் ஆகத் தொடங்கியது. ரவை முழுதாக உள்ளே போகாது, சுட்ட கோது வெளியே வராது. கடை முதலாளி ரமணன் அதை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

"அண்ணை, உள்ள பாருங்கோ. இது எங்கட பரல் இல்லை. ஆரோ மாத்திப்போட்டாங்கள்."

ரோர்ச் அடித்துப் பார்த்தேன். பரல் என்றால் துவக்கின் குழல். அதன் பின்பக்கம், ரவை இருக்கும் அறையை சேம்பர் என்போம். அதன் விளிம்பில் ஒரு நசிவு. நசிந்த இரும்பு உள்ளே பிதுங்கி ரவைக்கு வழி மறித்துக்கொண்டு நின்றது. நன்றாக அடிபட்ட பரல். வாங்கும்போது இப்படி இருக்கவில்லை.

"ஆர் மாத்துறது?" என்றேன்.

ரமணன் கதவைச் சாத்தினார். "ராணி அக்கான்ர மருமகனிட்ட இதே பிஸ்டல் இருக்கு. விட்பியில. தடைக்கு முன்னம் வாங்கினது. அங்க இருந்த அடிபட்ட பரல் இஞ்ச, எங்கட நல்லது அங்க. யோசிச்சுப் பாருங்கோ."

யோசித்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் அது பொருத்தமாகத்தான் பட்டது.

2. கைப்பை

ராணி எங்கள் கவுண்டரில் வேலை செய்பவர். மன்னார்க்காரர். துவக்கை எடுத்துக் கொடுப்பது, வாங்கி வைப்பது, பூட்டுவது எல்லாம் அவர்தான். பெட்டகத்தைத் திறக்கும் திறப்பு எங்கள் மூன்று பேரிடம்தான் இருந்தது. அவருடைய கணவர் டயாலிசிஸுக்குப் போய் வருபவர். அந்த வீட்டில் வேலைக்குப் போவது ராணி மட்டும்.

அன்று பின்னேரம் ரமணன் கவுண்டருக்குப் போனார். இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றார்கள்.

"அக்கா, உங்கட பையை ஒருக்காத் திறவுங்கோ."

"ஏன் தம்பி?"

"சும்மா. ரூல்ஸ்."

அப்படி ஒரு ரூல் எங்கள் கடையில் இருந்ததே இல்லை. ராணி திறந்தார். சாப்பாட்டுப் பெட்டி, செபமாலை, பிரஷருக்குப் போடும் குளிசை. ரமணன் பையின் அடிவரைக்கும் கையை விட்டுத் துழாவினார். நின்றவர்களில் ஒருவர் செருமிவிட்டுத் தன் ஃபோனைப் பார்த்தார்.

"வாற சனிக்கிழமைக்குள்ள பரல் திரும்பி வரவேணும், அக்கா. வராட்டி நான் பொலிசுக்கு ஃபோன் அடிப்பன். எனக்கு வேற வழியில்லை."

ராணி அழுதுகொண்டே என் அறைக்கு வந்தார்.

"அண்ணை, நான் எடுக்கேல்லை. பொலிஸ் வந்தா என்ர லைசென்ஸ் போகும், வேலை போகும். மருமகன்ர வீட்டையும் போவினம். மகளுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

"பாப்பம்" என்றேன். எடுத்தவர்களும் இப்படித்தான் அழுவார்கள் என்று எனக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் குரலோடுதான் நான் இத்தனை வருடம் சீவித்திருக்கிறேன்.

3. பரலில் ஒரு புள்ளி

பிதுங்கிய இரும்பைத் தேய்த்துத் தள்ளி இருந்த இடத்துக்கே கொண்டுபோக ஒரு சின்னக் கருவி இருக்கிறது. அதை வைத்து விளிம்பைச் சரிசெய்தேன். ரவை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. பிறகு பரலின் அடியில், கழற்றினால்தான் தெரியும் இடத்தில், பஞ்ச் என்ற கூரான உளியால் ஒரு புள்ளி குத்தினேன். என் கையால் போகும் சாமானுக்கு அடையாளம் வைப்பது தொழிற்சாலையில் பிடித்த பழக்கம். ஒருவருக்கும் சொல்லவில்லை. பிஸ்டலைக் கவுண்டருக்குக் கொடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை அது திரும்பவும் ஜாம் ஆகி வந்தது. கழற்றினேன். புள்ளி இருந்தது. நசிவும் இருந்தது, அதே இடத்தில்.

அதே பரல். ஒருவரும் ஒன்றையும் மாற்றவில்லை. இந்த நசிவு எங்கள் கடைக்குள்ளேயே, அந்தச் சில நாட்களுக்குள் உண்டானது. உள்ளே ரவை இல்லாமல் ரிகர் விசையை இழுத்தால் ஊசி வேறெங்கே போகும்? சேம்பர் விளிம்பில்தான் அடிக்கும். ஒருமுறை இழுத்தால் ஒன்றும் ஆகாது. யாரோ ஓயாமல் இழுத்திருக்கிறார்கள்.

ரமணனிடம் சொன்னேன். அவர் ஒரு கணமும் தயங்கவில்லை.

"அப்ப அவதான். பூட்டேக்க எடுத்து விளையாடுறா. உதுவும் சாமான் நாசம்தானே, அண்ணை? உதுக்கும் வேலையில வச்சிருக்கேலாது."

திருட்டு என்ற குற்றம் விழுந்த கையோடு இன்னொன்று தயார். ரமணனுக்குத் தேவை காரணமில்லை, ஆள் என்று எனக்கு அப்போது பட்டது. எரிச்சலாக இருந்தது. என்றாலும் ராணியை நான் முழுதாக நம்பினேன் என்று சொல்லமாட்டேன். கண்ணால் பார்ப்போம் என்று வெள்ளிக்கிழமை என் ஸ்ரூலைத் தூக்கிக்கொண்டு போய், சுடும் பகுதியைப் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்தேன்.

4. ஹமர் டவுன்

நான் பட்டறையில் எப்போதும் காது மூடியோடு இருப்பவன். சுடும் பகுதியில் என்ன நடக்கிறது என்று மணிக்கணக்கில் இருந்து பார்த்தது அன்றுதான்.

யூனியன்வில்லிலிருந்து வந்த ஒரு பெண், இங்கேயே பிறந்தவர், அந்த .22-ஐ எடுத்துச் சுட்டார். "ஓ மை கோட், அங்கிள், இற்ஸ் ஸோ ஈஸி" என்று திரும்பிச் சிரித்தார். முடிந்ததும் ரமணன் அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் நின்றார். சுடுதளத்தில் கட்டளை கொடுப்பது அவர்தான்.

"மகசினைக் கழற்றுங்கோ. சேம்பரைக் காட்டுங்கோ. ஓகே. ஹமர் டவுன்."

அந்தப் பெண் பிஸ்டலை இலக்குப் பக்கம் நீட்டி, வெறும் ரிகரை இழுத்தார். டிக்.

பிறகு ராணியிடம் கொடுத்தார். ராணி துடைத்து வைத்தார். அடுத்த ஆள் வந்தார். மகசின், சேம்பர், ஹமர் டவுன், டிக். அவருக்குப் பின்னால் பிக்கரிங்கிலிருந்து வந்த தம்பதி. டிக், டிக்.

இன்ஷூரன்ஸ்காரர் வந்து போன பிறகு ரமணன் போட்ட ரூல் அது. உள்ளே ஒன்றுமில்லை என்பதற்கு உறுதியாக, திருப்பித் தரும் ஒவ்வொரு துவக்கையும் வெறுமையாக ஒருமுறை தட்டவேண்டும். பெரிய ரவைத் துவக்கில் ஊசி நடுவில் வரும், அங்கே வெறும் காற்றுத்தான். நல்ல ரூல். ஆனால் இந்த .22 வெளியே பார்க்க .45. ரமணன் ஒரு .45 பைத்தியம். சின்ன ரவையைத் தன் கையால் தொடவும் மாட்டார். ஆகவே இதையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்.

வாடிக்கையாளர்கள் போனதும் பிஸ்டலை வாங்கி, சேம்பர் விளிம்பில் மெஷினிஸ்ற் நீல மையைப் பூசினேன். ராணியும் நின்றார்.

"ரமணன், ஒருக்கா நீங்கள் ஹமர் டவுன் செய்யுங்கோ."

இழுத்தார். திறந்து காட்டினேன். நீலத்தில் எள்ளளவு இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. நசிவு இருந்த அதே இடம்.

"ஆனா இது .45 மாதிரித்தானே, அண்ணை..."

"மாதிரித்தான்" என்றேன். "உங்கட பரலை அடிச்சது உங்கட கட்டளை. எத்தினை பேர் இழுத்திருப்பினம்? ராணி செய்த குற்றம் அதை வாங்கித் துடைச்சு வச்சது மட்டும்தான்."

ரமணன் அந்த வெள்ளைப் புள்ளியை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அக்கா, நான் பிழையா விளங்கீற்றன். மனசில வையாதேங்கோ" என்றார்.

ராணி கவுண்டர் கண்ணாடியைத் துடைத்து, பெட்டகத்தைப் பூட்டினார். பிறகு தன் கைப்பையை எடுத்துக் கவுண்டரில் வைத்து, அதன் வாயை அகலத் திறந்தார். சாப்பாட்டுப் பெட்டி, செபமாலை, குளிசை என்று ஒவ்வொன்றாக வெளியே வைத்தார்.

"பாருங்கோ தம்பி."

"ஐயோ அக்கா, வேண்டாம். அது முடிஞ்சுது."

"இல்லை. ரூல்ஸ் எண்டனீங்கள்."

5. இளையவர்களுக்கு

இந்தத் தொழிலுக்கு வருபவர்கள் சந்தேகப்படத்தான் வேண்டும். உள்ளே ரவை இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நீங்களே திறந்து பாருங்கள். ஆனால் துவக்கில் பிழை வந்தால் முதலில் துவக்கைத் திறவுங்கள், பிறகு உங்கள் ரூல்களைப் பாருங்கள். மனிதர்களின் பைகளைக் கடைசிக்கு வையுங்கள்.

.22 இப்போது நன்றாக வேலை செய்கிறது. அதற்கு மட்டும் ஹமர் டவுன் இல்லை என்று சுவரில் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்கிறது. சேம்பர் விளிம்பை நான் தேய்த்த இடம் விரலால் தடவினாலும் தெரியாது.

ராணி இன்னமும் தினமும் வேலை முடிந்து போகும்போது பையைத் திறந்து கவுண்டரில் வைக்கிறார். ஒருவரும் கேட்பதில்லை. அந்த நேரம் பார்த்து ரமணனுக்கு எப்படியோ பின்பக்கம் ஒரு வேலை வந்துவிடுகிறது. அவர் திரும்பி வந்து பையைப் பார்க்கும்வரை ராணி நிற்கிறார்.