சுத்தியல் தட்டிய பிறகு வரும் பில்

ஆன்லைன் நாணய ஏலத்தில் அடுத்தவருக்காக விலை கேட்கிற தொழிலில் பணம் நம்முடையது இல்லை, திட்டு மட்டும் முழுசாக நம்முடையது.

விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு மாடியில் ஆறு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். பரீட்சை ரிசல்ட் பார்க்க வருகிற பிள்ளைகளை நம்பித்தான் ஆரம்பித்தது. பழைய காசு சேர்க்கிற ஆசாமிகள் எப்படியோ மோப்பம் பிடித்து மாடி ஏறி வந்துவிட்டார்கள். அவர்களுக்கு இ-மெயில் கிடையாது, இங்கிலீஷில் இருக்கிற விதிமுறையைப் படிக்கப் பொறுமை கிடையாது, ஆசை மட்டும் அண்டா அண்டாவாக இருந்தது. ஒரு காசுக்கு ஐம்பது ரூபாய் கூலி வாங்கிக்கொண்டு நான் அவர்கள் பேரில் ஏலம் கேட்டுக் கொடுத்தேன். உங்களில் யாராவது இந்த ஏலத்தில் கையைச் சுட்டுக்கொண்டவர்களாக இருந்தால் வாங்க, பக்கத்தில் உட்காருங்க. உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குப் புரியும்.

ராணி தலை

என் முதல் கிராக்கி சவரிமுத்து சார். திண்டிவனத்தில் டெலிபோன் லைன்மேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் பூசை முடிந்ததும் வெள்ளைச் சட்டையோடு அப்படியே ரயில் ஏறி வந்துவிடுவார். விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய் ஒன்றுக்கு ஆசைப்பட்டார். கேட்டோம். ஆயிரம் ரூபாய்க்கு நமக்கே விழுந்தது. மனுஷன் பூரித்துப்போய் எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

மறுநாள் பில் வந்தது. வாங்குகிறவர் கட்டணம் என்று ஒன்று. அந்தக் கட்டணத்துக்கு வரி. அப்புறம் பேக்கிங், கூரியர், இன்ஷூரன்ஸ். இதையெல்லாம் கட்ட பேங்கில் டிடி எடுத்தால் அதற்குக் கமிஷன். ஆகமொத்தம் ஆயிரத்து அறுநூறு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொன்னவன் நிச்சயம் ஏதோ ஒரு ஏலத்தில் காசு வாங்கியிருப்பான். சார் பில்லை இரண்டு தடவை படித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, ராணி தலைக்கு ஆயிரம். மீதி அறுநூறு யார் தலைக்கு?"

யார் கொறச்சலா திருடறான்?

அதற்கப்புறம் நான் உஷாராகி ஒரு சார்ட் எழுதிச் சுவரில் ஒட்டினேன். கம்பெனிப் பேரெல்லாம் போடவில்லை. பம்பாய்க்காரன், பெங்களூர்க்காரன், கல்கத்தாக்காரன், அவ்வளவுதான். பம்பாய்க்காரன் நூற்றுக்கு இருபது பிடிப்பான், கூரியர் இலவசம் என்று பீற்றிக்கொள்வான். பெங்களூர்க்காரன் பன்னிரண்டுதான் பிடிப்பான். ஆனால் ஒற்றைக் காசு வாங்கினாலும் கையாளும் செலவு முந்நூறு என்பான். அரை விரல் அகலத்துக் காசைக் கையாள எத்தனை கை வேண்டுமோ தெரியவில்லை. கல்கத்தாக்காரன் ரொம்ப யோக்கியன். கட்டணமே கிடையாது என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, ஆரம்ப விலையையே இரண்டு மடங்காக வைத்திருப்பான்.

இந்த சார்ட்டை இடுப்பில் கை வைத்து நின்று படித்தவர்தான் ஏழுமலை அண்ணன். பக்கத்தில் காணை கிராமத்துக்காரர், நாலு ஏக்கர் கரும்பு. ஆலையிலிருந்து கரும்புப் பணம் வந்தால் முதலில் என் மாடிக்குத்தான் வருவார். என் கையெழுத்தை அவ்வளவு கவனமாக என் வாத்தியார்கூடப் படித்ததில்லை. எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டு, "தங்கச்சி, இம்மாங்கணக்கு நமக்கு ஆவாது. இதுல எவன் கொறச்சலா திருடறான்னு மட்டும் சொல்லு" என்றார்.

பெட்டிக்குள் பெட்டி

அவர் முதலில் வாங்கியது ஒரு வெள்ளிப் பணம். ஏதோ பழைய ராஜா காலத்துச் சில்லறை. திரையில் அதன் படம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தது. அளவைக் கீழே எறும்பு எழுத்தில் போட்டிருந்தான். அதை நானும் படிக்கவில்லை, அவரும் படிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துச் செருப்புப் பெட்டி மாதிரி ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் உள்ளே இன்னொரு பெட்டி, அதற்குள் குமிழ் வைத்த பிளாஸ்டிக் ஒரு முழம், அதற்குள் ஒரு கவர். கவரைக் கீபோர்டு மேலே கவிழ்த்தார். எதுவும் விழுந்த மாதிரித் தெரியவில்லை.

விழுந்திருந்தது. இரண்டு பட்டனுக்கு நடுவே உள்ளே போய்விட்டது. நான் ஸ்குரூ டிரைவர் வைத்துக் கீபோர்டையே கழற்றி, தலைமுடி, மிக்சர் துண்டு எல்லாவற்றுக்கும் நடுவிலிருந்து அந்தப் பொட்டு அளவுக் காசை எடுத்துக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "எங்க கேப்பையில பொறுக்கிப் போடற கல்லு இதவிடப் பெருசா இருக்கும், தங்கச்சி" என்றார்.

மிக மிக அரிது

இந்த ஏலக்காரர்களின் கேட்லாக்கைப் படித்திருக்கிறீர்களா? அதில் சாதாரணக் காசு என்று ஒன்று கிடையவே கிடையாது. அரிது, மிக அரிது, மிக மிக அரிது, அவ்வளவுதான். சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவளாவது "ரெண்டு சொத்தை இருக்கும், பாத்து எடுத்துக்கோ" என்பாள்.

அப்படி ஒரு மிக மிக அரிதைச் சவரிமுத்து சாருக்கு வாங்கிக் கொடுத்தேன். வந்ததும் லென்ஸை வைத்துப் பார்த்தவர் முகம் சுண்டிப்போயிற்று. யாரோ எப்போதோ அந்தக் காசில் ஓட்டை போட்டுக் கழுத்தில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பிறகு எவனோ அந்த ஓட்டையை ஈயம் வைத்து அடைத்திருக்கிறான். படத்தில் அந்த இடத்தில் மட்டும் வசதியாக நிழல். கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினேன். எடுத்த பெண் தேன் ஒழுகப் பேசினாள். படத்தைப் பார்த்துத் திருப்தியான பிறகே ஏலம் கேட்டதாக விதிமுறையில் இருக்கிறதாம். திருப்பி அனுப்பினால் கூரியர் செலவு நம்முடையதாம், கட்டணம் திரும்பி வராதாம். "ஓட்டையை எழுதியிருக்க வேண்டாமா?" என்றேன். அதற்கு அவள் சொன்னது: "ஓட்டை அடைச்சதும் ஒரு வரலாறுதானே, மேடம்?"

நடுவில் ஒரு பிளைவுட்

இதற்குள் இரண்டு பேரும் என் மாடியிலேயே பழகி நண்பர்களாகிவிட்டார்கள். அண்ணன் சாருக்கு மஞ்சள் பையில் மல்லாட்டை, அதாங்க வேர்க்கடலை, கொண்டுவருவார். சார் கிறிஸ்மஸுக்கு அண்ணனுக்கு கேக் கொண்டுவருவார். மவுஸ் பிடிக்கவும் கற்றுக்கொண்டார்கள். வினையே அங்கேதான் வந்தது. ஒரு நாள் நான் யாருக்கோ ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் கேபினில் சார், நாலாம் கேபினில் அண்ணன். முன்னே பின்னே வந்ததால் ஒருவர் இருப்பது இன்னொருவருக்குத் தெரியாது. நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. இரண்டு பேரும் ஒரே ஆற்காட்டுச் செப்புக் காசுக்கு மாற்றி மாற்றி விலை ஏற்றியிருக்கிறார்கள். முந்நூறில் ஆரம்பித்தது இரண்டாயிரத்து அறுநூறில் போய் நின்றது. சார் எழுந்து வெளியே வந்து, "எவனோ ஒரு பேமானிம்மா, விடவே மாட்டேன்றான்" என்று கத்தினார். தடுப்புக்கு மேலே அண்ணனின் தலை எழும்பியது.

சிரிக்காதீங்க. நாலு மாசம் இரண்டு பேருக்கும் பேச்சில்லை. வேண்டுமென்றே விலை ஏற்றினார் என்று சார், பேமானி என்றார் என்று அண்ணன். சார் ஞாயிறு வந்தால் அண்ணன் புதன் வந்தார். மல்லாட்டைப் பை நின்றுபோனது. எனக்கு அந்த மாடியே பிடிக்காமல் போய்விட்டது. அண்ணன் சம்சாரத்துக்கு ஆபரேஷன் என்று கேள்விப்பட்டு, சார் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கூட இருந்த பிறகுதான் சரியானது. டிஸ்சார்ஜ் ஆன வாரம் அண்ணன் என்னிடம் வந்து சொன்னார்: "காசு ஆயிரம் வரும் போவும் தங்கச்சி. இன்னொரு தபா சாருகூட முட்டிக்கினு நிக்க என்னால ஆவாது."

காரைக்கால் காசு

அப்புறம் வந்தது அந்தக் காரைக்கால் காசு. பிரெஞ்சுக்காரன் அடித்த செப்புக் காசு. ஒரு பக்கம் பூ, மறுபக்கம் தமிழ் எழுத்தில் ஊர்ப் பேர். பாண்டிச்சேரிக் காசு இரண்டு பேரிடமும் இருந்தது. காரைக்காலுக்கு இரண்டு பேரும் பத்து வருஷமாக ஆல்பத்தில் ஒரு கட்டம் காலியாக விட்டிருந்தார்கள். பம்பாய்க்காரன் கேட்லாக் வந்த அன்றைக்கே சார் போன் செய்தார். "ஏழாயிரம் வரைக்கும் போம்மா. ஏழுமலைக்குத் தெரிய வேணாம், மறுபடி பேஜாரு." மறுநாள் அண்ணன் மாடி ஏறி வந்து, கதவைச் சாத்திவிட்டு, "எட்டாயிரம் தங்கச்சி. சாருக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாரு" என்றார்.

நான் இரண்டு பேருக்கும் தலையை ஆட்டிவிட்டேன். வீட்டுக்குப் போய்த்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்தால் இவர்கள் இரண்டு பேருமே முட்டி மோதி விலையை ஏழாயிரத்துக்கு மேல் கொண்டுபோவார்கள், பம்பாய்க்காரன் உட்கார்ந்த இடத்தில் இருபது சதவீதம் தின்பான். எடுத்தது யார் என்று தெரியாமலா போகும்? அதோடு நட்பு காலி. சொன்னால் நான் வாக்குத் தவறியவள். யோசித்து யோசித்து, பாவம் வந்தால் வரட்டும் என்று இரண்டு பேருக்கும் போன் போட்டு உண்மையைச் சொல்லிவிட்டேன். அண்ணன் "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். சார் கேட்டார்: "வாயை வச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியாம்மா நீ?"

நீங்க போடுங்க

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. இனிமேல் செத்தாலும் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். ஏலத்தன்று காலையில் சார் போன் செய்தார். "என் பேர எடுத்துடும்மா. ஏழுமலை எடுத்துக்கட்டும். நான் விட்டுக் கொடுத்தேன்னு மட்டும் சொல்லிடாத, அப்புறம் அவரு தொடமாட்டாரு." எனக்குக் கண் கலங்கிவிட்டது. எடுத்துவிட்டேன். மத்தியானம் அண்ணன் புது போனோடு வந்தார். "என்னுது நீ போட வேணாம் தங்கச்சி. நானே போன்ல போட்டுக்கறேன்" என்றார். அதையும் எடுத்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்துக்கூட எனக்குச் சந்தேகம் வரவில்லை பாருங்கள்.

சாயங்காலம் இரண்டு பேரும் என் கம்ப்யூட்டர் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நடுவில் மல்லாட்டைப் பை. காரைக்கால் காசு திரையில் வந்தது. ஆரம்ப விலை இரண்டாயிரம். எங்கிருந்தோ ஒருத்தன் இரண்டாயிரத்துக்குக் கேட்டான். அவ்வளவுதான், வேறு ஆள் இல்லை. இருபது வினாடிக் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. சார் அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். அண்ணன் சாரைப் பார்த்துச் சிரித்தார்.

"போடுங்க ஏழுமலை."

"நீங்க போடுங்க சார்."

"நான் எதுக்கு? காலையிலயே பேர எடுத்துட்டேனே, நீங்க வாங்கணும்னு."

"ஐயையோ, நான் போன்ல போடவே இல்லயே! நீங்க வாங்கணும்னுதான் விட்டேன்!"

இரண்டு பேரும் ஒரே குரலில் "ஜல்தி நீ போடும்மா!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்கள். நான் மவுஸைப் பிடித்துக்கொண்டு "யார் பேர்ல?" என்று கேட்டேன். "ஏழுமலை பேர்ல" என்றார் சார். "சார் பேர்ல" என்றார் அண்ணன். "உங்களுக்கு வயசு பெரிசு சார்." "உங்களுக்குத்தான் கரும்ப விட்டுட்டு வெளியூர் போயி தேட முடியாது ஏழுமலை." நான் "யாராவது ஒருத்தர் சொல்லித் தொலைங்க!" என்று அலறும்போதே திரையில் 'விற்பனை முடிந்தது' என்று வந்துவிட்டது. ஏழாயிரமும் எட்டாயிரமும் கையில் வைத்திருந்த இரண்டு பேரின் கண்ணெதிரே, முகம் தெரியாத ஒருத்தன் வெறும் இரண்டாயிரத்துக்கு அள்ளிக்கொண்டு போய்விட்டான்.

நான் அழுதேவிட்டேன். அவர்கள் இரண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டவும் திட்டினேன். சார் பையிலிருந்து ஒரு மல்லாட்டையை எடுத்து உடைத்து, பாதியை அண்ணன் கையில் வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "விடும்மா, பில்லு வராத ஏலம் இந்தக் கடையில இது ஒண்ணுதான்."

எந்த ஏலக் கம்பெனி நூற்றுக்கு எத்தனை பிடுங்கும் என்று நடு ரோட்டில் நிறுத்திக் கேட்டாலும் சொல்வேன், ஆனால் இந்த இரண்டு பேரின் மரியாதை நூற்றுக்கு நூறு பிடுங்கும் என்று எனக்கு முன்கூட்டி ஒரு கேட்லாக்கும் சொல்லவில்லை.